விளக்கைப் போட வேண்டாம் என்று சொன்னது யார்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைசியில் சொன்னால் சப்பைக்கட்டு கட்டுவதாக ஆகிவிடும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் முகம் தெரியாத ஒருவர் எனக்கு எழுதியிருந்தார்: ‘மாடி நடைபாதையில் சாயங்கால வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே யாரோ உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது. எப்படிச் செய்தீர்கள்?’

அவர் நின்றது நிஜ நடைபாதை அல்ல. ஒரு பழைய வீடியோ கேமில், ஆளில்லாத விடுதி ஒன்றில் வருவது. அறை அறையாகப் போய், யாரோ விட்டுச்சென்ற கடிதங்களைத் தேட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அதை உண்டாக்கியவர்கள் வேறு வேலை பார்க்கப் போய்ப் பத்து வருடம் ஆகிறது. எங்களைப் போலச் சில பேர் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதன் கோப்புகளைத் திறந்து, பிடிக்காததைத் திருத்தி, மற்றவர்களுக்குச் சும்மா கொடுப்போம். அதற்குத்தான் மாட் என்று பெயர். ஒருவர் கதவுகளின் சத்தத்தை மாற்றுகிறார். இன்னொருவர் நாலு வருடமாகச் சுவர்களில் ஈரக்கறை வரைகிறார். என் பங்கு வெளிச்சம்.

பகலில் நான் பல் செய்கிறேன். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து தரும் கூடத்தில், பக்கத்துப் பல்லின் நிறத்துக்குப் புதுப் பல்லைப் பொருத்துவது என் வேலை. ட்யூப்லைட்டில் அச்சு அசலாக இருக்கும் பல், ஜன்னலோரம் போனதும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வெளிச்சத்தை நம்பக் கூடாது என்பது எனக்கு வேலையிலேயே ஊறியது.

அந்த முகம் தெரியாதவருக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. ஏனென்றால் அந்த வெளிச்சத்தை நான் எடுத்தது எங்கள் வீட்டு மாடியில், அங்கே நிஜமாகவே ஒருவர் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார். என் அப்பா. அன்றைக்குக் கீழே விழுந்து இடுப்பெலும்பில் விரிசல். அவருக்கு மறதி வந்துவிட்டது, அதனால்தான் விழுந்தார் என்று வீட்டில் முடிவு கட்டியாகிவிட்டது. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, ஒரு முதியோர் இல்லத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து அவரைப் பரிசோதித்துவிட்டு, அழைத்துப்போக நாள் குறிப்பார். அப்பாவுக்கு மறதி கிடையாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். [‘மட்டும்தான்’ என்பதில் சந்தேகம் இருக்கிறது. இப்போதைக்கு அப்படியே விடுகிறேன்.]

பதில் எழுதுவதற்குப் பதிலாக இதை எழுத உட்கார்ந்தேன். வாயைத் திறந்து சொல்ல முடியாததைக் கதையாக எழுதிவிடலாம் என்று நினைக்கிற கோழைகள் நிறையப் பேர் உண்டு, நானும் ஒருத்தி.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘தாடி வைத்த அந்த இளைஞன் வெளிச்சத்தை அளந்துகொண்டிருந்தான். “யாரும் லைட்டைப் போடாதீங்க” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, காமிராவைக் குனிந்து—’

நிறுத்திவிட்டேன். அந்த இளைஞன் யாரென்றே எனக்குத் தெரியாது. கணினி, விளையாட்டு என்றதும் வாசகர்கள் ஒரு இளைஞனை எதிர்பார்ப்பார்கள், அவன் தப்பு செய்தால் வயசுக் கோளாறு என்று மன்னித்தும் விடுவார்கள். அந்த மன்னிப்புக்கு ஆசைப்பட்டுத்தான் என் நாற்பத்தாறு வயது முகவாயில் தாடியை ஒட்டினேன்.

இரண்டாவது:

‘என் கணவருக்கு விசித்திரமான ஒரு பொழுதுபோக்கு இருந்தது. சூரியன் மறைந்ததும் வீட்டில் எவரும் விளக்கைப் போடக் கூடாது என்பார். என் அப்பா பாவம், மாப்பிள்ளை சொல்லைத் தட்டமாட்டாமல்—’

இதுவும் வேண்டாம். எனக்குக் கணவர் இருந்தார். இப்போது வேறு ஊரில், வேறு சோபாவில், நிம்மதியாக இருக்கிறார். அவர் செய்த தப்புகளுக்கே தனியாக ஒரு புத்தகம் போடலாம். செய்யாத தப்புக்கும் இழுத்துவருவது அநியாயம்.

மூன்றாவது:

‘விளக்கைப் போட வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தது.’

பார்த்தீர்களா, சொன்ன ஆளே இல்லை. வாக்கியம் சுத்தமாகக் கையைக் கழுவிக்கொண்டது. இதை எழுதிவிட்டு ஒரு முழுச் சாயங்காலம் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் காலையில் அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எட்டுக்கும் மூச்சை இழுத்தபடி பாத்ரூமுக்குப் போவதைப் பார்த்ததும் அழித்துவிட்டேன்.

நான்காவது தொடக்கத்தில் ‘நான்’ என்று ஒரே ஒரு சொல். அடுத்த சொல் வர நாலு நாள் ஆயிற்று.

3

நான் அளந்துகொண்டிருந்தேன்.

எதை, எதற்கு என்று கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த விளையாட்டின் நடைபாதையில் வெளிச்சம் எங்கிருந்தும் வராமல், எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தது. நிழல்கள் மை கொட்டினாற்போலக் கறுப்பு. நிஜத்தில் அப்படி எங்கேயும் இல்லை. எங்கள் மாடி நடைபாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கோடியில் ஒரு ஜன்னல். சூரியன் போன பிறகு அதிலிருந்து வருவது வானத்தின் நீலம். அது தரை ஓடுகளில் பட்டு, எதிர்ச் சுவரில் ஏறி, பச்சைத் திரையைத் தொட்டுக் கூரையில் லேசான பச்சையாகத் தங்கும். நிழலுக்குள்ளும் மூன்று நிறம் இருக்கும். இதையெல்லாம் கண்ணால் பார்த்து ஞாபகத்திலிருந்து செய்தால் பொய்யாகத்தான் வரும். அதனால் அளக்க வேண்டும்.

அளப்பதற்கு ஒரு பளபளக்கும் எஃகு உருண்டை போதும், தோட்டத்தில் அலங்காரத்துக்கு வைப்பார்களே, அது. நடைபாதை நடுவில் அதை வைத்துப் படமெடுத்தால், நாலு பக்கத்து வெளிச்சமும் அதற்குள் சுருங்கித் தெரியும். ஜன்னலும் தெரிய வேண்டும், மூலை இருட்டும் தெரிய வேண்டும். ஒரே படத்தில் இரண்டும் வராது. அதனால் இருட்டாக ஒன்று, கொஞ்சம் வெளிச்சமாக ஒன்று என்று ஏழு படங்கள். அந்த ஏழும் சேர்ந்து ஒரு தொகுதி. சூரியன் மறைந்ததிலிருந்து அரைமணி நேரத்துக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி. இடையில் யாராவது ஒரு விளக்கைப் போட்டால் அன்றைய வேலை அத்தனையும் குப்பை.*

* நீங்கள் கேட்கப்போவது தெரியும்: இவ்வளவு பாடுபட்டு, ஆளில்லாத ஒரு விடுதிக்கு வெளிச்சம் சரியாக இருந்து யாருக்கு என்ன? இதே கேள்வியை அண்ணன் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் கேட்டால் பதில் தெரியாமல் தலையைச் சொறிவேன். ஒரு இடத்திலாவது சரியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. நான் அளக்கத் தொடங்கும்போது சுவிட்ச் போர்டுகளின் மேல் மஞ்சள் சீட்டு ஒட்டுவேன். நடைபாதைக்கு ஒன்று, அப்பாவின் அறைக்கு ஒன்று. அவர் அறை விளக்கும் நடைபாதையில் விழும். அளந்து முடிந்ததும் சீட்டுகளை உரித்துவிட்டு ‘ஆச்சு’ என்று சொல்வேன். அதுவரை அப்பா தன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். நாலு மாதம், கிட்டத்தட்ட தினமும், இது ஒழுங்காக நடந்தது.

4

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் அப்பாதான்.

எழுதிப் பார்க்கும்போதெல்லாம் மனிதர் ரொம்ப நல்லவராகிவிடுகிறார். நிஜத்தில் அப்படியில்லை. செய்தித்தாளை யாராவது முதலில் பிரித்தால் அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். என் சமையலைக் குறை சொல்லமாட்டார், பாதியில் எழுந்து போய்விடுவார். நான் கல்யாணத்திலிருந்து திரும்பி வந்தபோது ஒரு வார்த்தை ஏன் என்று கேட்கவில்லை. அது பெருந்தன்மையா, கேட்கத் தெரியாததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினார். எழுபத்து நாலு வயதிலும், முதன்முதலாக ஓட்டிய தடத்தின் எல்லா நிறுத்தங்களையும் வரிசையாகச் சொல்வார். எந்த நிறுத்தத்தில் படி ஏறச் சிரமப்படும் ஆள் நிற்பார், எங்கே ஓரமாக ஒதுக்க வேண்டும் என்பதுகூட நினைவிருக்கும். ஒரு தடவை, நான் உருண்டையை நகர்த்திக்கொண்டிருக்கும்போது, வண்டி ஓட்டுவதற்கு இதைவிட மோசமான வெளிச்சம் கிடையாது என்று அவராகவே சொன்னார். ராத்திரியில் ஹெட்லைட் உதவும், பகலில் சூரியன் உதவும், இந்த நேரத்தில் இரண்டும் கைவிட்டுவிடும். கண் மெல்ல மெல்லப் பழகிக்கொள்வதால் எவ்வளவு இருட்டியிருக்கிறது என்பதும் தெரியாது. அதை நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மாட் வேலைக்கு உபயோகப்படும் என்று.

அப்படிப்பட்ட ஆள் விளக்குப் போட மறப்பாரா என்று அண்ணன் கேட்கவில்லை. டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான், எனக்குத்தான் பதில் தெரியுமே.

5

அன்றைக்கு நடந்தது:

‘ஆறு தொகுதியும் எடுத்து முடித்தேன். நாலாவது தொகுதி அபாரமாக வந்திருக்கும் என்று தோன்றியது. பார்க்கிற அவசரத்தில் என் அறைக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டு ஓடிவந்தேன். அப்பா தன் அறை வாசற்படியில் தடுக்கி நடைபாதையில் விழுந்து கிடந்தார். விளக்கைப் போடச் சுவிட்சைத் தொட்டபோது மஞ்சள் சீட்டு கையோடு வந்துவிட்டது.’

சரளமாக இருக்கிறது, இல்லையா? மூன்று இடத்தில் பூசி மெழுகியிருக்கிறேன். அதனால் மறுபடியும்.

5

‘கொஞ்ச நேரம்’ என்பது நாற்பது நிமிடம். காமிரா படங்களில் நேரம் பதிவாகியிருக்கிறது, ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட நேரம் போனில் இருக்கிறது. கழித்துப் பார்த்தேன், இரண்டு தரம்.

‘போய்விட்டேன்’ என்பதில் ஒன்று விட்டுப்போயிற்று. சீட்டை உரிக்கவில்லை, ‘ஆச்சு’ என்று சொல்லவில்லை. நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் மறந்தேன். மறந்தது நான்.

மூன்றாவது, சீட்டு. அது கையோடு வரவில்லை. நான்தான் உரித்தேன். ஓரம் கிழிந்து போர்டிலேயே ஒட்டிக்கொண்டது. மிச்சத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஒரு பத்து வினாடி ஆகியிருக்கும். அந்தப் பத்து வினாடியும் அப்பா தரையில், ஒரு பக்கமாக, முனகக்கூடச் செய்யாமல் கிடந்தார். விளக்கைப் போட்ட பிறகுதான் சுரண்டினேன். அவர் முகம் சுவிட்சைப் பார்த்தபடி இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

[தெரியாது என்று எழுதியிருப்பதை ஏழாவது பகுதி முடியும் வரை நம்புங்கள்.]

சீட்டுகள் இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதைப் படித்துவிட்டு என்னை வெறுக்கலாம், ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்று. எனக்கு அப்போது அவர் பிழைப்பாரா என்பதுகூட முதலில் தோன்றவில்லை, அண்ணன் வருவானே என்றுதான் தோன்றியது.

6

அண்ணன் கெட்டவன் இல்லை. இதைக் கொட்டை எழுத்தில் எழுதி மேஜைமேல் ஒட்டிவைத்திருக்கிறேன், ஏனென்றால் அவனை வில்லனாக்கிவிட்டால் கதை தானே ஓடும்.

சரக்குக் கிடங்கு ஒன்றை நடத்துகிறவன். எதையும் பட்டியல் போட்டால்தான் அவனுக்குத் தெளிவு பிறக்கும். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளும் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அவன்தான் இருந்தான். முதல் நாளே அப்பாவிடம் ஏன் இருட்டில் நடந்தீர்கள் என்று கேட்டான். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தேன். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு, “லைட் போட மறந்துட்டேன்பா” என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விழுந்த அதிர்ச்சியில் அவருக்கு எல்லாம் அழிந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க ஆசைப்பட்டேனா தெரியாது.

அந்த ஒரு வாக்கியத்தை அண்ணன் பட்டியலில் மூன்றாவதாகச் சேர்த்தான். ஏற்கெனவே இரண்டு இருந்தன. ஒன்று, போன வருடம் அப்பா குழாயை மூடாமல் விட்டது. இரண்டு, என்னை இறந்துபோன அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டது. இரண்டும் எந்த வீட்டிலும் நடப்பதுதான்; மூன்றாவதுதான் அவற்றுக்குத் தூண். டாக்டர் அறிக்கையில் ‘மறதி காரணமாக விளக்கின்றி நடந்து’ என்று எழுதினார். அது எழுத்தில் வந்த பிறகு உண்மையாகிவிட்டது.

இல்லத்தை அண்ணன் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சுத்தமாக இருக்கிறது என்றான், நர்சுகள் சிரித்த முகம் என்றான். நினைவு குறைந்தவர்களை மூன்றாவது மாடியில் வைப்பார்களாம். அங்கே கதவுகளை வெளிப்பக்கத்திலிருந்து மட்டும்தான் திறக்க முடியும், அவர்கள் எங்கேயாவது இறங்கிப் போய்விடக் கூடாதே என்று.

அவசரப்பட வேண்டாமே என்று மெல்ல இழுத்தேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“நீ வேலைக்குப் போயிடுற. பகல் பூரா அவர் தனியா இருக்கார். லைட் போடணும்னே தோணலைன்னா, நாளைக்கு அடுப்பை அணைக்கணும்னு தோணுமா? அடுத்த தடவை இடுப்போட நிக்காது. எனக்குப் பயமா இருக்கு. உனக்கு இல்லையா?”

எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். அந்த உரையாடலில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

(இந்த இடத்தில் வாசகர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என்னைப் பிடித்து உலுக்கலாம். அப்போதே சொல்லியிருந்தால் முடிந்ததே என்று. உண்மை. ஆனால் முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொன்னால், முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். ஒன்பதாம் நாள் சொன்னால் ஒன்பது கேள்வி. இப்போது ஏழு வாரம்.)

7

எஃகு உருண்டையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன்.

அதைப் படமெடுக்கும்போது, படமெடுப்பவர் நேர் நடுவில் தெரிவார். தப்பிக்கவே முடியாது. காமிராவும் அதன் பின்னால் குனிந்த உருவமும், நட்டநடுவில், வயிறு பெருத்துப்போய். அதனால் படங்களைக் கணினியில் ஏற்றியதும் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற முதல் வேலை, தன்னை அழிப்பது. பக்கத்துச் சுவரின் நிறத்தை எடுத்து, தன் மேல் பூசிவிட வேண்டும். எனக்கு அதில் கை தேர்ந்துவிட்டது. மூன்று நிமிடத்தில் நான் இருந்த தடமே இருக்காது.

அப்பா விழுந்து மூன்று வாரம் கழித்து, அந்த நாலாவது தொகுதியைத் திறந்தேன். வேலை செய்தால் மனது ஒதுங்கும் என்று. [இல்லை. அவ்வளவு நல்ல வெளிச்சத்தை வீணாக்க மனம் வரவில்லை.] என்னை அழித்தேன். பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோது, உருண்டையின் வலது ஓரத்தில், வளைந்துபோன கதவுக்குப் பக்கத்தில், அரிசி அளவுக்கு அப்பா. நாற்காலியில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. ஏழு படத்திலும் ஒரே மாதிரி. அசைந்தால் படம் கெடும் என்று எப்போதோ சொல்லியிருந்தேன்.

அவரை அழிக்கவில்லை. மாட் கோப்பை அப்படியே வெளியிட்டேன். விளையாடுகிறவர்கள் கண்ணுக்கு அவர் தெரியமாட்டார். அவர் சட்டையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மட்டும் சுவரில் இருக்கும். முகம் தெரியாத அந்த நபர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்கு மேல் ஒத்திப்போட இடமில்லை. நான் அறைக்குள் போன பிறகு, திரையில் படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தபோது, வெளியிலிருந்து அப்பா கேட்டார், “ஆச்சாம்மா?”

நான் திரும்பாமலே சொன்னேன், “இருங்கப்பா, அஞ்சு நிமிஷம்.”

அளவெடுத்து முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. எதற்கு அப்படிச் சொன்னேன்? ஒன்றுக்கும் இல்லை. வாயில் வந்தது. அவர் அந்த ஐந்து நிமிடத்தை அரைமணி நேரம் உட்கார்ந்து காத்திருக்கிறார். பாத்ரூமுக்குப் போக வேண்டியிருந்திருக்கிறது. அடக்க முடியாமல் எழுந்திருக்கிறார், விளக்கைப் போடாமல். சீட்டு ஒட்டியிருந்ததே.

விளக்கைப் போட வேண்டாம் என்று சொன்னது யார் என்பதற்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. நியாயமாகக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

8

நேற்று நடந்ததை எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை. கதைக்கு என்று நான் போட்டிருந்த திட்டத்தில் இது கிடையாது.

மத்தியானம் அப்பாவை நடைபாதையில் நடக்கவைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வரை போய்த் திரும்ப வேண்டும், இருபத்திரண்டு எட்டு. பதினைந்தாவது எட்டில் வாக்கரை நிறுத்தி மூச்சு வாங்கினார். பிறகு, தண்ணீர் இருக்கா என்று கேட்கிற குரலில் கேட்டார்:

“அன்னைக்கு எடுத்தியே, அந்தப் படம் சரியா வந்துச்சா?”

எந்தப் படம்பா என்றேன்.

“அஞ்சு நிமிஷம்னு சொன்னியே. அந்தப் படம். நான் விழுந்த சத்தத்துல உன் வேலை கெட்டுப்போச்சோன்னு நினைச்சேன்.”

நல்லா வந்திருக்குப்பா என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அப்புறம் ஏன் அண்ணாகிட்ட மறந்துட்டேன்னு சொன்னீங்க என்று கேட்டேன்.

அவன் கோபக்காரன், உன்னைப் போட்டு வாட்டியெடுத்திருப்பான், ஏற்கெனவே ஒருத்தன் வாட்டியது போதாதா என்றார். கல்யாணத்தைப் பற்றி எட்டு வருடத்தில் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

மூணாவது மாடியில் கதவைப் பூட்டிவைப்பாங்கப்பா என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

“தெரியும். ஜன்னல் பெருசா இருக்காம், சொன்னான்” என்றார். வாக்கரை ஓர் எட்டு முன்னால் வைத்தார். நாலு எட்டுப் போன பிறகு, சீட்டை நல்லாச் சுரண்டிட்டியா, பசை இருந்தா அழுக்குப் பிடிக்கும் என்றார்.

9

முடிவுகள்.

(அ) மகள் கூடத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்கிறாள். அண்ணன் கத்துகிறான், பிறகு ஓய்கிறான். இல்லத்து அம்மாள் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார். அப்பா வீட்டிலேயே இருக்கிறார். இந்த முடிவை எழுதும்போது எனக்குக் கண்ணில் நீர் வந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. எழுதி முடித்ததும் உண்மையிலேயே சொல்லிவிட்டது போன்ற நிம்மதி. அந்த நிம்மதி ஆபத்தானது.

(ஆ) மகள் சொல்லவில்லை. அப்பா போகிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் மூன்றாவது மாடிக்குப் போகிறாள். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, அந்தப் பெரிய ஜன்னலில் விழும் வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று எஃகு உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு போகிறாள். அப்பா அசையாமல் உட்கார்ந்துகொள்கிறார். இதை நான் யோசித்து எழுதவில்லை, தானாக வந்தது. என்னை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் மூன்றில் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறேன்.

(இ) அப்பாவே உண்மையைச்—

சொல்லமாட்டார். எழுதிப் பிரயோஜனமில்லை.

10

இன்று வெள்ளிக்கிழமை. மூன்றே முக்கால்.

அந்த அம்மாள் சீக்கிரமே வந்துவிட்டார். அண்ணன் நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. நான் இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு அறைக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இதைத் திறந்துவைத்திருக்கிறேன். முடிவை எழுதிவிட்டுப் போகலாம் என்று. அவசரத்தில் நிறையத் தப்பும் தவறுமாக வருகிறது, திருத்த நேரமில்லை.

சுவர் மெல்லியது. எல்லாம் கேட்கிறது. அந்த அம்மாளின் குரல் நிஜமாகவே அன்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு ஏன் விளக்குப் போடவில்லை என்று கேட்கிறார். மறந்துட்டேம்மா என்கிறார் அப்பா.

காகிதம் புரளும் சத்தம்.

“இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

காலையில் ஏழு மணிக்கு என்னை எழுப்பி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு அவங்க வர்றாங்க, அந்தக் கோடு போட்ட சட்டையை எடுத்து வை என்று சொன்னவர் அவர்.

கொஞ்ச நேரம் யோசிக்கிறார். யோசிப்பதுபோல நடிக்கிறார். எனக்குத் தெரியும்.

“செவ்வாய்” என்கிறார்.

அண்ணன் மூக்கை உறிஞ்சுகிறான். அவன் அழுகிறான் என்று நினைக்கிறேன். அடுத்த கேள்விக்காக அந்த அம்மாள் பக்கத்தைத் திருப்புகிறார். இன்னும் நிறையக் கேள்விகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் அவர் தப்பாகவே சொல்லிக்கொண்டு போவார், எனக்காக, பொறுமையாக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓரமாக ஒதுக்கி நிறுத்துகிற மாதிரி.

உங்களுக்கு ஒரு முடிவு தர வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. மூன்று வாரமாகக் கூடவே வந்திருக்கிறீர்கள். ஆனால் நான் எழுதிக்கொண்டிருக்கும் வரை இந்தக் கதவுக்கு உள்ளேதான் இருப்பேன். எவ்வளவு நன்றாக எழுதுகிறேனோ அவ்வளவு நேரம் இருப்பேன். மூன்று வாரமாக நான் செய்துகொண்டிருந்தது அதுதான் என்று இப்போதுதான் உறைக்கிறது.

அதனால் முடிவை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தால், நான் எழுந்து போகவில்லை என்று அர்த்தம்.